பெருங்குடி விலக்கில் திரும்பாத கார்

என் கையெழுத்து மோசம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு இந்தக் கை எழுதியதெல்லாம் சாக்கு மூட்டைகளில் மை தொட்டுப் போட்ட மார்க்காதான். எழுத்துகள் ஒன்றோடொன்று இடிக்கும். ‘ர’ வரவேண்டிய இடத்தில் ‘ற’ நிற்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுத்துக்காக மட்டும்தான் மன்னிப்புக் கேட்கிறேன். எழுதியிருக்கிற விஷயத்துக்காக யாரிடமும் கேட்க மாட்டேன்.

எழுதக் காரணம் என் அண்ணன். மதுரையில் அவரையும் மதினியையும் வெயிலில் நிறுத்திவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு நான் ஓடிவந்துவிட்டேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். திரேஸ்புரத்தில் வலை காயப்போடுகிறவர்களுக்குக்கூட அந்தக் கதை தெரியும். அதில் பாதியை அவர் சொல்வதில்லை. அந்தப் பாதி இது.

எங்கள் கடை தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. தோணிகளுக்கு வேண்டிய கயிறு, தார், பாய்த்துணி, ஆணி விற்கிற கடை. நாங்கள் பனங்காட்டுப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். கடல் எங்களுக்குப் பிறகு பழகியதுதான். ஆனால் அப்பா ஒரு தோணியில் பங்கு வாங்கியபோது, கடற்கரைக்காரர்களின் வழக்கம் ஒன்றையும் சேர்த்து வாங்கிக்கொண்டார். அண்ணனும் தம்பியும் ஒரே தோணியில் ஏறக் கூடாது. கடல் ஒருவனை எடுத்துக்கொண்டால் வீட்டைப் பார்க்க இன்னொருவன் வேண்டும். கொழும்புக்கு ஒருவன் போனால் மற்றவன் கரையில் நிற்க வேண்டும். பெரும்பாலும் நான்தான் கரையில் நின்றேன்.

அப்பா போன பிறகு கல்லாச் சாவி அண்ணன் இடுப்புக்குப் போனது. புதுத் துறைமுகம் வந்ததும் கப்பல்களுக்குச் சாமான் போடும் வேலை கிடைத்தது. பழைய அம்பாசடர் ஒன்றும் வாங்கினார். வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன். கடையில் நான் பங்காளி, காரில் டிரைவர். நான் அதிகம் பேசமாட்டேன். கடைக்கு ஆள் வந்தால் கயிற்றைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்கிறவன். அண்ணனுக்கு அது ரொம்ப வசதியாக இருந்தது.

ஒரு சித்திரையில் அண்ணனுக்குப் பெங்களூர் போக வேண்டும் என்று தோன்றியது. அங்கே கோடையிலும் போர்வை இல்லாமல் படுக்க முடியாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவர் மகன்கள் இரண்டு பேரும் ஹாஸ்டலில் இருந்தார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆக நாங்கள் நாலு பேர் போவது என்று முடிவானது. எப்படிப் போவது என்பதில்தான் ஆரம்பித்தது.

மதுரையில் விமானம் ஏறி, சென்னையில் மாறினால் அன்றைக்கே பெங்களூர் என்றார் கடைக்கு வருகிற கப்பல் கம்பெனி குமாஸ்தா. காதுக்குப் பஞ்சு கொடுப்பார்கள், வாய்க்கு மிட்டாய் கொடுப்பார்கள் என்றும் சொன்னார். லாரி வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர், கார்தான் நல்லது, நினைத்த இடத்தில் நிறுத்தி வடை தின்னலாம், விமானத்தை நிறுத்தச் சொல்ல முடியுமா என்று கேட்டார். அண்ணன் இரண்டு பேருக்கும் தலையாட்டினார். காலையில் விமானம், சாயங்காலம் கார். தார் வாங்க வந்தவனிடம்கூட அபிப்பிராயம் கேட்டார். சேலம் ரோட்டையும் ஓசூர் ரோட்டையும் ஓட்டப்போகிற என்னிடம் கேட்கவில்லை.

இதில் எனக்கு வேண்டியது ஒன்றுதான். என் வீட்டுக்காரி விமானத்தில் ஏற வேண்டும். அவள் வேம்பார்க்காரி. சின்னப் பெண்ணாக உப்பளத்தில் வேலை செய்தவள். எப்போதாவது உயரத்தில் ஒரு விமானம் போனால், கூடையை இறக்கிவைத்துவிட்டு அது மறைகிற வரைக்கும் பார்ப்பாளாம். அங்கிருந்து பார்த்தால் பாத்தி பாத்தியாக உப்பளம் எப்படி இருக்கும் என்று அப்போதே யோசித்திருக்கிறாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் ஆசையாகச் சொன்னது அந்த ஒன்றைத்தான்.

விமானம்தான் என்று அண்ணன் ஒருவழியாக முடிவெடுத்த அன்று சாயங்காலம் அவர் வீட்டில் இருந்தோம். என் மனைவி மதினியிடம் மெதுவாகக் கேட்டாள்.

“ஏக்கா, அம்புட்டு ஒசரத்துல இருந்து பாத்தா எங்க ஊரு உப்பளம் தெரியுமா?”

மதினி சிரித்தாள். “ஏளா, உப்பு அள்ளுனவ ஏரோப்ளேன்ல ஏறியும் உப்பத்தான் பாக்கணுமாக்கும்?”

அண்ணனும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் மதினி முகத்தை மாற்றிக்கொண்டு அவரைப் பார்த்தாள். “அது கெடக்கட்டும். அண்ணனும் தம்பியும் எப்படி ஒண்ணா ஏறுவிய? மாமா சொன்னது மறந்துபோச்சா?”

அப்பா சொன்னது தோணிக்கு. ஆனால் விமானத்தையும் ஆகாசக் கப்பல் என்றுதானே சொல்கிறோம், அதற்கும் அடியில் ஒன்றும் கிடையாது என்று மதினி விளக்கினாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது என்றுதான் அப்போது நினைத்தேன். அண்ணன் தாடையைச் சொறிந்தார்.

“சரிலே. இப்படிச் செய்வோம். போகும்போது நாங்க ஏரோப்ளேன்ல போயிருதோம், நீங்க கார்ல வாங்க. வரும்போது நீங்க ரெண்டு பேரும் ஏரோப்ளேன், நாங்க கார். அங்கன ஒரு டிரைவரப் பிடிச்சிக்கிடலாம். எப்படி?”

நான் தலையாட்டினேன். என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். வரும்போதுதான் என்றாலும் அவளுக்குச் சந்தோஷம்தான்.

புறப்பட்ட அன்று அண்ணனையும் மதினியையும் மதுரை விமான நிலையத்தில் விட வேண்டும். அருப்புக்கோட்டை வழியாகப் போனால் மதுரைக்குள் நுழையும் முன்பே, பெருங்குடி விலக்கில் திரும்பினால் விமான நிலையம். காரின் பின்னால் மதினியின் சாமான்கள் திமிறிக்கொண்டிருந்தன. ஸ்டவ், அரிசி, கருப்பட்டி, போர்வை மூட்டை, ஒரு ஓலைப்பெட்டி நிறையக் கருவாடு. விமானத்தில் கருவாடு ஏற்றினால் நாலு பேர் முகம் சுளிப்பார்கள் என்று மதினிக்குத் தெரிந்திருந்தது. என் மனைவியின் மடிக்குப் பக்கத்தில் ஏற்றினால் சுளிக்க யாரும் இல்லை.

எட்டயபுரம் தாண்டியதும் என் மனைவி கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையாகவே சந்தேகம்.

“ஏக்கா, கடல்லயும் ஆகாசத்துலயும் ஆகாது, ரோட்டுல மட்டும் அண்ணந்தம்பி ஒண்ணா போலாமா?”

“கார் தரையிலலா ஓடுது. தரையில என்ன வந்துறப் போகுது?” என்றாள் மதினி. அண்ணன் என்னைப் பார்த்து, “ரோட்டப் பாத்து ஓட்டுலே” என்றார். பேசியது என் மனைவி, திட்டு எனக்கு.

விமானம் கிளம்புகிறவரை என் மனைவி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது ஓடி, எழும்பி, சிறிதாகி வளைந்தது. “வடக்காலத் திரும்பிட்டு. கடல் பக்கம் போகல” என்றாள். நாம் வரும்போது பகலில் வருவோம், அப்போது கடல் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளலாம் என்றேன். சரி என்றாள்.

பெங்களூர் போய்ச் சேருவதற்குள் காருக்குள் எல்லாம் கருவாட்டு நாற்றம். வழியில் ஒரு டயர் போனது. சேலத்தில் தங்கிய இடத்தில் ரூம்காரர் எங்கள் மூட்டைகளை வாசலிலேயே வைக்கச் சொன்னார். பெங்களூர் லாட்ஜில் போய் இறங்கியபோது அண்ணனும் மதினியும் குளித்துப் பவுடர் போட்டு, ஒரு ஊரைப் பார்த்துவிட்டு வந்த களையோடு இருந்தார்கள். மதினி கைப்பையைத் திறந்து காகிதம் சுற்றிய ஒரு மிட்டாயை எடுத்து என் மனைவியிடம் நீட்டினாள். “இந்தாளா, ஏரோப்ளேன் முட்டாய்.” அவள் வாங்கிக்கொண்டாள். தின்னவில்லை. ஜன்னல் கட்டையில் வைத்தாள். மறுநாள் அதில் எறும்பு மொய்த்துக்கிடந்தது.

ஊரைச் சுற்றிப் பார்த்தோம். பூந்தோட்டம் பார்த்தோம். மதினி கம்பளி வாங்கினாள், தூத்துக்குடியில் அதை எப்போது போர்த்தப் போகிறாளோ. நான் ஒவ்வொரு நாளும் அண்ணன் டிரைவரைப் பற்றிப் பேசுவார் என்று காத்திருந்தேன். பேசவில்லை. கிளம்புவதற்கு முதல் நாள், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தவர், துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“ஏலே, நீங்க நாளைக்குக் கார எடுத்துக் கெளம்பிருங்க. நாங்க மறுநா ஏரோப்ளேன்ல மதுரைக்கு வந்திருதோம். டிக்கெட்டு அப்பமே எடுத்தாச்சு. மத்தியானம் வந்து நில்லு.”

என் மனைவி இலையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த கை அப்படியே நின்றது. வரும்போது நாங்கள் என்றுதானே பேச்சு என்று கேட்டேன். அவ்வளவு கேட்டதே எனக்கு அதிகம். கார் என்றால் மதினிக்குக் குமட்டும் என்றார். தெரியாத டிரைவரை நம்பி எப்படி என்றார். நான் அசையாமல் நின்றதைப் பார்த்துவிட்டு அவர் கடைசியாகச் சொன்னதுதான் என்னால் மறக்க முடியாதது.

“தோணில போனவன்தான் தோணில திரும்பி வரணும்லே. எடையில ஆள் மாறுனா ஆகாது. அப்பா சொல்லிருக்காரு.”

அப்பா அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. கொழும்பில் இறங்கிய ஆள் அங்கேயே தங்கி, வேறு ஆள் தோணியில் திரும்பியதை நாங்கள் இரண்டு பேருமே கரையில் நின்று பார்த்திருக்கிறோம். அப்பா சொன்ன ஒரு வழக்கத்தைத் தனக்கு வேண்டிய அளவுக்கு நறுக்கிக்கொண்டதோடு நிற்காமல், இல்லாத ஒன்றையும் அவர் வாயில் வைத்தார். எனக்குச் சொத்தாக வந்தது அப்பாவின் பேச்சு ஒன்றுதான். கல்லாச் சாவி என்னிடம் இல்லை.

“சரிண்ணே” என்றேன். “அப்பா சொன்னபடியே செஞ்சிருவோம்.”

அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் என் மனைவி அழவில்லை. கேட்டால் பதில் சொன்னாள், அவ்வளவுதான். பெரிய மூட்டைகள் எல்லாம் எங்களோடுதான் இருந்தன. மறுநாள் மதுரையைக் கடந்து அருப்புக்கோட்டை ரோட்டில் வந்தபோது உச்சிவெயில். பெருங்குடி விலக்கு வந்தது. நான் கியரை மாற்றவில்லை, நேரே ஓட்டினேன்.

“விலக்கு போயிட்டுதே” என்றாள்.

“பாத்தேன்.”

“அங்கன நிப்பாவள்லா.”

“அண்ணந்தம்பி ஒண்ணா ஏறக் கூடாது.”

அவள் என்னையே பார்த்தாள். பிறகு பின்னால் திரும்பிச் சாமான்களைப் பார்த்தாள். “அக்கா கம்பளிய மட்டும் கையில வச்சிருக்கா” என்றாள். “இந்த வெயில்ல.” அந்தப் பயணத்திலேயே அவள் சிரித்தது அப்போதுதான். ஜன்னல் கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டாள். கருவாட்டு நாற்றம் கொஞ்சம் போனது.

அண்ணனும் மதினியும் விமான நிலைய வாசலில் நெடுநேரம் நின்றிருக்கிறார்கள். பிறகு பஸ் மாறி, நின்றுகொண்டே வந்திருக்கிறார்கள். குமட்டும் என்ற மதினி பஸ்ஸில் குமட்டாமல்தான் வந்தாள். சாயங்காலம் கடை திறந்திருந்த நேரத்தில் அண்ணன் வந்து இறங்கினார். வேட்டியெல்லாம் புழுதி. தெருவே பார்க்கிற மாதிரி கத்தினார்.

“ஏலே, கூடப் பொறந்தவனாலே நீ? தெருநாய நிப்பாட்டுன மாதிரி நிப்பாட்டிட்டு வந்திருக்கியே.”

கயிறு எடுக்க வந்த தோணிக்காரர்கள் நாலைந்து பேர் நின்றார்கள். ஆட்களுக்கு முன்னால் நான் பேசியதே கிடையாது. அன்றைக்குக் கயிற்றைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்துப் பேசினேன்.

“அண்ணந்தம்பி ஒரே வண்டில ஏறக் கூடாதுலாண்ணே. தோணிக்கு ஒரு பேச்சு, காருக்கு ஒரு பேச்சா? அப்பா சொன்னா எல்லாத்துக்கும்தான்.”

தோணிக்காரர்களில் ஒருவர் சிரிப்பை மறைக்க வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். கார் சாவியைக் கல்லாப் பெட்டி மேல் வைத்தேன். அதற்குப் பிறகு அந்தக் காரில் நான் ஏறவில்லை. அவரோடு வேறு எந்த வண்டியிலும் ஏறவில்லை. கடையும் பிரிந்தது. எனக்கு வந்தது சின்னப் பங்கு. கீழவைப்பார்ப் படகுக்காரர்களுக்குக் கயிறு விற்றுப் பிழைப்பு ஓடுகிறது. சமாதானம் பேச வந்தவர்களை டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். எனக்குச் சமாதானம் தேவைப்படவில்லை.

என் மனைவி இதுவரை விமானத்தில் ஏறவில்லை. அதைப் பற்றி அதற்கப்புறம் அவள் பேசியதும் இல்லை. வானத்தில் சத்தம் கேட்டால் இப்போது தலையைத் தூக்குவதில்லை.

போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் அண்ணன் பந்திக்கு முன்னால் மறுபடியும் அந்தக் கதையைச் சொன்னார். முடிவில், தம்பி பெண்டாட்டிக்கு ஏரோப்ளேனில் இருந்து வேம்பார் உப்பளத்தைப் பார்க்க வேண்டுமாம் என்று சேர்த்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். “வாயால நீங்க சொல்லப் போறதில்ல. எழுதியாவது வையுங்க” என்றாள்.

இவ்வளவையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். முடிந்ததும், முட்டாயை எழுதினீர்களா என்று கேட்டாள். எழுதினேன் என்றேன். “எறும்பு மொய்ச்சதையுமா?” அதையும் எழுதியிருக்கிறேன் என்றேன். அப்படியானால் தேதி போடுங்கள் என்றாள்.

1979, ஆவணி 12, செவ்வாய்க்கிழமை.