கல்லில் அமர்ந்தவனின் ஐந்தாவது கேள்வி

எங்கள் மலைநாடான கரிந்தியாவில் புதிதாகப் பட்டம் ஏற்கும் கோமகன் முதலில் ஒரு குடியானவனிடம் பதில் சொல்லியாக வேண்டும். வயல் நடுவே கல்லில் குடியானவன் உட்கார்ந்திருப்பான். கோமகன் முரட்டுச் சாம்பல்நிற அங்கியில், மாடும் குதிரையுமாக வந்து நிற்பார். "யார் இவன்?" என்று தொடங்கி நான்கு கேள்விகள் கேட்பான்; கோமகனுக்காக ஊரே சேர்ந்து பதில் சொல்லும். பிறகு கன்னத்தில் மெல்ல ஒரு தட்டு தட்டிவிட்டுக் குடியானவன் எழுந்து இடம் விடுவான். மாடும் குதிரையும் அவனுக்கு.

கல்லில் உட்காரும் அந்த உரிமை பரம்பரையாகக் குடியானவன் பிரிமோஷின் வீட்டுக்கு. அப்பா இறந்து அது அவன் கைக்கு வந்தபோதே அன்றைய கோமகனுக்கு எழுபது வயது. அதன்பின் முப்பத்தாறு வருஷம் அவர் சாகவில்லை. கணக்குப் போட்டுப் பார்க்காதீர்கள். எங்கள் குளிர் ஆளைக் கெட்டுப்போக விடாது.

அதற்குள் பிரிமோஷின் மனைவி நேஷா போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளையும் இல்லை. வாரத்துக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அதில் மூன்று ஆட்டுக்கு. மாவு அரைக்கப் போனால் ஆலைக்கார யெர்னெய் மட்டும் வம்புக்கு இழுப்பான்.

"என்னப்பா பிரிமோஷ், பெரியவரு இன்னும் மூச்சு விடுறாராமே. நீ எப்பத்தான் வாயத் தொறப்ப?"

கடைசியில் பெரியவர் கண்ணை மூடினார். அவர் பேரன் வந்து கல்லின் முன் நின்றான். பிரிமோஷ் நான்கு கேள்விகளையும் பிசகாமல் கேட்டான். ஊர் பதில் சொன்னது. இனி கன்னத்தில் தட்ட வேண்டியதுதான். கை எழவில்லை. எழுந்துவிட்டால் தன் கேள்விக்குப் பதில் சொல்ல மறுபடி யாரும் இருக்கப்போவதில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

"என் வீட்டுக்கு வந்து ஒருவாய் கஞ்சி குடிப்பானா?" என்றான்.

வழக்கத்தில் இல்லாத கேள்வி. ஆனால் பதில் சொல்லிப் பழகிய ஊர் நிறுத்தத் தெரியாமல், "குடிப்பான், குடிப்பான்" என்று கத்திவிட்டது. கோமகனின் காது சிவந்தது. பிரிமோஷ் தட்டினான், எழுந்தான்.

ஞாயிறுதோறும் தினைக்கஞ்சி காய்ச்சி இரண்டு கிண்ணம் வைத்தான். கோமகன் வரவில்லை. ஐந்தாம் ஞாயிறு யெர்னெய் வந்து வாசலில் நின்றான்.

"அன்னைக்கு நானும்தான் கத்துனேன். சொன்ன சொல்லுக்கு யாராச்சும் வரணும்ல?"

உட்கார்ந்து குடித்தான். உப்புப் போதாது என்றான். கிண்ணம் காலியானதும் போய்விட்டான். பிறகு வரவும் இல்லை. அடுத்த ஞாயிறு பிரிமோஷ் கஞ்சியில் ஒரு சிட்டிகை உப்பு கூடப் போட்டான்.