நூற்றெட்டுத் தேங்காயும் ஒரு கையெழுத்தும்

முருகனிடம் நான் ஒருவருடைய சாவைக் கேட்டேன். இதை மறைத்துவிட்டு அவன் செய்த நன்மையை மட்டும் சொன்னால் என் சாட்சி பொய்யாகிவிடும். ஆகவே அடியார்களே, வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன்.

யாழ்ப்பாணத்து இணுவிலில் இருக்கும் எங்கள் வீடும் பின்னால் உள்ள தோட்டக் காணியும் எனக்குச் சீதனமாக வந்தவை. 1983 தொடக்கத்தில் என் கணவர் ஒரு லொறி வாங்க ஆசைப்பட்டார். எனக்கும் ஆசைதான். இரண்டு பேருமாகக் கையெழுத்து வைத்து வீட்டையும் காணியையும் ஈடு வைத்தோம். வெங்காயமும் புகையிலையும் ஏற்றிக்கொண்டு லொறி தெற்கே ஓடியது. அந்த வருஷம் தெற்கில் தமிழருக்கு எதிராக நடந்த ஆடிக் கலவரத்தில் அது எரிந்துபோயிற்று. அவர் மட்டும் உயிரோடு வந்து சேர்ந்தார்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் ஒரே ஒரு கதைதான். அந்தப் பயணம் போகச் சொன்னது யார்? நீர்தான் என்றார் அவர். நீங்கள்தான் வெளிக்கிட்டீர்கள் என்றேன் நான். சோறு போடும்போதும் அதே கதை, கோயிலுக்குப் போகும் வழியிலும் அதே கதை. 1985இல் அவர் பண்டத்தரிப்பில் இருந்த தன் தாயின் வீட்டுக்குப் போய்விட்டார். போனவர் திரும்பவில்லை. ஈடு மட்டும் என்னோடு நின்றது. இரவிக்கை தைத்து வட்டி கட்டினேன். அதுவும் போதவில்லை.

பின்காணியை விற்று ஈட்டை மீட்கலாம் என்று அண்ணை சொன்னார். ஆனால் எங்கள் தேசவழமைச் சட்டப்படி, காணி மனைவியின் பெயரில் இருந்தாலும் கணவனின் கையெழுத்து இல்லாமல் ஒரு பரப்பு நிலம்கூட விற்க முடியாது. பிரிந்து போனவரானாலும் அதுதான் சட்டம்; கோட்டுக்குப் போய் அனுமதி கேட்க என்னிடம் காசும் இல்லை, காலமும் இல்லை. 1987 ஆவணியில் அவரைத் தேடிப் போனேன். அப்போது அவர் எங்கள் பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தையில் ஒரு வெங்காயக் கடையில் வேலைக்கு நின்றார்.

"விக்கிற காசிலை பாதி எனக்குத் தாரும். கையெழுத்து வைக்கிறன்," என்றார்.

"அது என்ரை அப்பு தந்த காணி."

"லொறியும் என்ரை லொறிதான். அது எரியேக்கை நீர் பக்கத்திலை நிண்டனீரோ?"

சந்தையில் எல்லோரும் பார்த்தார்கள். நான் நேரே எங்கள் ஊர்க் கந்தசாமி கோயிலுக்குப் போனேன். மத்தியானப் பூசை நடந்துகொண்டிருந்தது. கண்ணை மூடவும் இல்லை. "இந்த மனுசன் செத்துப்போகவேணும். செத்தால் உனக்கு நூற்றெட்டுத் தேங்காய் அடிப்பேன்," என்று நேர்ந்தேன். மணி அடித்தது. அவன் கேட்டுவிட்டான் என்று எனக்கு ஒரு சந்தோஷமும் வந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் என் உடம்பு கூசும்.

ஐப்பசியில் இந்திய ஆமிக்கும் இயக்கத்துக்கும் சண்டை தொடங்கியது. நாங்கள் கோயில் மண்டபத்தில் சனத்தோடு சனமாகக் கிடந்தோம். கொஞ்சம் ஓய்ந்து வீட்டுக்கு வந்தபின் அண்ணை ஒரு நாள் ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். என் கணவருடைய சைக்கிள். பலாலி வீதியில் கிடந்ததாம். பக்கத்தில் கிடந்த உடலை, யார் எவர் என்று பார்க்க நேரமில்லாமல், அந்த இடத்திலேயே எரித்துவிட்டார்களாம்.

"அவர்தான் போலை கிடக்கு, பிள்ளை," என்றார் அண்ணை.

நான் அழவில்லை. எனக்கு முதலில் வந்த நினைப்பு நூற்றெட்டுத் தேங்காய்.

என்ன செய்வேன் சொல்லுங்கள். தேங்காய் அடித்தால் ஒரு சாவுக்கு நன்றி சொன்னதாகும். அடிக்காவிட்டால் முருகனை ஏமாற்றியதாகும். கோயில் பக்கமே போகப் பயந்து சுற்றுப்பாதையால் நடந்தேன். சைக்கிள் விறாந்தையில் நின்றது. மத்தியானத்தில் வாசல் படலை கிறீச்சிடும். எட்டிப் பார்ப்பேன், ஒருவரும் இருக்கமாட்டார்கள். கிணற்றடியில் அவருடைய இருமல் கேட்கும். அலுமாரியைத் திறந்தால் அவர் உடுத்துவிட்டுப்போன சாரத்தில் டீசல் மணந்தது. இரண்டு தரம் தோய்த்தேன். மணம் போகவில்லை. தைக்க உட்கார்ந்தால், பின்னால் ஒருவர் நின்று பார்ப்பதுபோல் கழுத்துக் குளிரும்.

ஈடு பிடித்துக் காசு தந்தவர் ஒரு நாள் வந்தார். மரியாதையான மனிதர். "தங்கச்சி, தை முடியட்டும். பிறகு நான் வழக்குப் போடத்தான் வேணும்," என்றார். காணி உறுதி எழுதும் நொத்தாரிசு ஒரு வழி சொன்னார். கணவர் இறந்துவிட்டார் என்று அவருடைய தாய் ஒரு சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைத்தால், மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கடதாசியை எழுதியும் தந்தார். கணவரின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று அழகாக எழுதியிருந்தது.

தை மாதம் அதை எடுத்துக்கொண்டு பண்டத்தரிப்புக்குப் போனேன். அவருடைய தாய், என் மாமி, குசினியில் இருந்தா. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கோப்பையில் சோறு போட்டு மூடியிருந்தது.

"அவனுக்கு," என்றா. "வந்தானெண்டால் பசியோடைதான் வருவான். பின்னேரம் காகத்துக்குப் போடுறனான்."

மாமி கண்ணாடியைப் போட்டுக் கடதாசியை எழுத்துக் கூட்டி வாசித்தா. முதல் சொல்லிலேயே நின்றுவிட்டா.

"நீ கண்டனியோ, பிள்ளை?"

"இல்லை, மாமி."

கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துத் திரும்பப் போட்டா. பிறகு, "உனக்கு இருக்க வீடு வேணும். என்ரை பிள்ளையாலை நீயும் நட்டப்பட்டுப்போனாய். பேனையைத் தா," என்றா.

தன் பெயரின் முதல் எழுத்தை எழுதினா. இரண்டாவது எழுத்துக்குப் பேனை வர முன்னம் நான் கடதாசியை இழுத்துவிட்டேன். என் வாய் தானாகச் சொல்லியது: "மாமி, அவர் சாகவேணுமெண்டு நான்தான் முருகனிட்டை நேர்ந்தனான்."

என்னை அடிப்பா என்று நினைத்தேன். மாமி சோற்றுக் கோப்பையைத் திரும்ப மூடினா. "அப்ப நீயே போய் மாத்திச் சொல்லு. முருகன் கேப்பார்," என்றா.

அடுத்த வெள்ளிக்கிழமை, மூன்று மாதத்துக்குப் பிறகு, கோயிலுக்குள் கால் வைத்தேன். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "வீடு போகட்டும். நான் கேட்டது பிழை. அவரை உயிரோடு கொண்டுவா. தேங்காய் அதுக்குத்தான்," என்று சொன்னேன். அழுதேன். லொறி எரிந்த நாளுக்குப் பிறகு அவருக்காக நான் அழுதது அன்றைக்குத்தான். ஈடு பிடித்தவரிடம் போய், வழக்குப் போடுவதென்றால் போடுங்கள் என்றும் சொல்லிவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சித்திரை வரைக்கும் பொறுப்பதாகச் சொன்னார்.

பங்குனியில் ஒரு மத்தியானம் படலை கிறீச்சிட்டது. நான் நிமிரவில்லை. அது கிறீச்சிடாத நாள் எது?

"கொஞ்சம் தண்ணி தாரும்."

ஊன்றுதடியோடு அவர் நின்றார். ஒரு கால் வளைந்திருந்தது. என் கையிலிருந்த கத்தரிக்கோல் விழுந்தது. தண்ணீர் கொடுத்தபோது விரல் பட்டது, சூடாக இருந்தது. அதற்குப் பிறகுதான் நம்பினேன். காலில் காயப்பட்டவரை யாரோ ஒரு வாகனத்தில் ஏற்றி வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். கடிதம் போட வழியில்லை. நடக்கக்கூடியதாக வந்ததும் முதலில் தாயிடம் போயிருக்கிறார்.

"அம்மா சொன்னவ. கையெழுத்து வைக்க வெளிக்கிட்டவவாம். நீர் கடதாசியைப் பறிச்சுப்போட்டீராம்."

"ஓம்."

"ஏன்?"

"தெரியாது."

விறாந்தையில் நின்ற தன் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதைப் போட்டிட்டு ஓடினனான். பிறகு ஆர் எடுத்ததெண்டு தெரியாது," என்றார். பிறகு, "எங்கை கையெழுத்து வைக்கோணும் எண்டு சொல்லும்," என்றார். பாதியைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. நானாகக் கொஞ்சம் கொடுத்தேன், காலுக்கு மருந்து வாங்க. அந்தப் பொய்க் கடதாசியைக் காட்டிக் காணியை விற்றிருந்தால், செத்தவர் படலையைத் திறந்து வந்து நிற்க, நான் எந்த முகத்தோடு ஊரில் இருந்திருப்பேன்?

சித்திரைக்கு முன் பின்காணியை விற்று ஈட்டை மீட்டேன். நாங்கள் மறுபடி சேர்ந்து வாழவில்லை. அவர் தாயோடு இருக்கிறார், நான் இங்கே. ஆனால் லொறிக் கதையை அதன்பிறகு ஒருவரும் எடுத்ததில்லை. நூற்றெட்டுத் தேங்காயும் அடித்தேன். கடைசித் தேங்காயை மாமியின் கையில் கொடுத்தேன்.

இது நடந்து ஆறு வருஷமாகிறது. படலை இன்றும் மத்தியானத்தில் கிறீச்சிடும். இப்போது எனக்கு அவர் நினைவு வருவதில்லை. அந்தச் சைக்கிளுக்குப் பக்கத்தில் எரிந்தவர் யார் என்ற நினைவுதான் வருகிறது. அவருக்கும் ஒரு வீட்டில் சோறு மூடி வைத்திருப்பார்கள். அமாவாசை தோறும் பெயர் தெரியாத அவருக்காக ஒரு பிடி சோறு வைத்துவிட்டுத்தான் நான் சாப்பிடுகிறேன்.

அடியார்களே, உங்களில் யாராவது கோபத்தில் அவன் சந்நிதியில் நின்று கேட்கக்கூடாததைக் கேட்டிருந்தால், பயந்து ஒளியாதீர்கள். போய் மாற்றிக் கேளுங்கள். நான் கேட்டதை உடனே தந்துவிடாமல், நான் திருந்தி வந்து கேட்கும் வரைக்கும் அவன் காத்துக்கொண்டிருந்தான்.