எஸ்தர் படுத்திருந்த இரண்டு மாதங்கள்

பக்கத்து வீட்டுக்குச் சித்தூரிலிருந்து ட்ரங்க் கால் வந்திருப்பதாகக் கூப்பிட்டார்கள். எஸ்தரின் தம்பி பேசினார். "அக்கா காலைல பூட்டாங்கம்மா. சளி கட்டிக்கினு மூச்சு வுட முடியல." ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் கேட்டதோ, "கடைசியா எப்ப எழுந்து நின்னா?" என்று. கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார். எங்களிடம் படித்தவர்களுக்கும், சித்தூர் சபையில் அவளோடு இருந்தவர்களுக்கும் அந்தக் கேள்வி ஏன் வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவளை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை; பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பதிக் கல்லூரியின் உடலியல் துறையில் நாங்கள் இருவர்தாம் தமிழ்க்காரிகள். அவள் சித்தூர் மிஷன் சபைக் குடும்பம். நான் விஜயபுரத்தில் வேர்க்கடலை பயிரிட்ட வீட்டுப் பெண். அறுபதுகளின் கடைசியில் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தோம். பின்னங்கால் ஒன்றுக்கு மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைப்போம், தீனியைக் குறைப்பதில்லை. சில வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தால் அந்தக் காலின் சதை வற்றிப்போயிருக்கும். வயிற்றுக்குள் கொழுப்பு கூடியிருக்கும். தராசில் வைத்தால் எலியின் எடை மட்டும் அப்படியே இருக்கும். இதை இங்கிலீஷில் ஒரு மணி நேரம் பாடம் நடத்திவிட்டு வந்து, என்னிடம் தமிழில் சுருக்கிச் சொல்வாள்: "கொழுப்பைத் துன்றது சதைதான் கமலா. சதை படுத்துக்கினா அதை யார் துன்றது?"

அவள் பருமன். குண்டம்மா கொழுப்பைப் பற்றிப் பாடம் எடுக்கிறாள் என்று ஆசிரியர் அறையில் ஒரு கேலி உண்டு. நான் ஒல்லி, அந்தக் கேலி கேட்டு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டதும் உண்டு. ஒரு சனிக்கிழமை நான் மலைக்கு நடந்து போவதாகச் சொன்னபோது, "கும்புடறது உன் வேலை, ஏறறதுக்கு நான் துணைக்கு வரேன்" என்று கிளம்பிவிட்டாள். படி நெடுகப் பேசிக்கொண்டே ஏறினாள். நான் பத்துப் படிக்கு ஒருமுறை உட்கார்ந்தேன். "ஒல்லியாத்தான் கீற. ஆனா தொடைல சதையே இல்லியே. வயசாச்சுன்னா நாற்காலிலேர்ந்து எப்படி எழுந்துக்கப் போற?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. பதில் சொல்ல மூச்சு இல்லை.

ஓய்வு பெற்றதும் சித்தூர் வீட்டில் தனியாக இருந்தாள். போன வருடம் டைஃபாய்டு வந்தது. காய்ச்சல் விட்டதும் மெல்ல நடக்கலாம் என்றுதான் டாக்டர் சொன்னார். நடக்க விடாதவர்கள் நாங்கள். அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது படுத்தால் வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை போட்டுச் சாப்பாடு வரும். சாயங்காலம் எல்லோரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து ஜெபிப்பார்கள். ஒருத்தி கோழிச்சாறு கொண்டுவந்தால் அடுத்தவள் நெய் மிதக்கும் பொங்கலோடு வருவாள். காலைக் கீழே வைத்தால் "படுங்கக்கா" என்று நான்கு பேர் அதட்டுவார்கள். ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போன நானும் சேர்ந்து அதட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து எடை மிஷின் மேல் அவளைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டுப் பார்த்தேன். காய்ச்சலுக்கு முன்னிருந்த அதே எடை. "தேறிட்ட" என்றேன், சந்தோஷமாக. எத்தனையோ வருடம் எலிகளைத் தராசில் வைத்து எடை பார்த்த நான் சொன்ன வார்த்தை இது. மறுநாள் முதல் நடக்கச் சொன்னோம். அவளால் கட்டிலைவிட்டுத் தானாக எழ முடியவில்லை. பயிற்சி கொடுத்துப் பார்த்தோம்; அந்த வயதில் போன சதை சுலபத்தில் திரும்புவதில்லை. சளியை இருமித் தள்ளவும் சதையில் பலம் வேண்டும். சுவிசேஷம் வாசிக்கும்போது கோவிலில் எழுந்து நிற்க வேண்டும், அது போதும் என்றாள். அதற்கும் பெஞ்சைப் பிடித்து முயன்று, பாதியில் உட்கார்ந்துவிடுவாள்.

கடைசியாகப் போன அன்று வீட்டில் அவள் மட்டும் இருந்தாள். சாப்பாட்டு முறை எப்போதோ முடிந்திருந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "நான்தான் முட்டாள். உனக்குத் தெரியாதா? ஏன் படுத்துக்கினே இருந்த?" என்று கேட்டேன்.

"தெரியும். மொத வாரமே தெரியும்" என்றாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நான் நடந்தா நீங்க யாரும் வரமாட்டீங்க, கமலா."

திருப்பதிக்குத் திரும்பும் பஸ்ஸில் புத்தலப்பட்டு தாண்டும்வரை அதை மனதுக்குள் மறுத்துக்கொண்டே வந்தேன். பிறகு எண்ணிப் பார்த்தேன். அவள் நன்றாக நடமாடிய நான்கு வருடங்களில் நான் சித்தூருக்குப் போனது இரண்டு தடவை. அதில் ஒன்று வேறு யாருடைய கல்யாணத்துக்கோ.

அவளிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு வாக்கியம். சபையில் யாரிடமும் சொல்லாதே, சமைச்சுப் போட்டவங்க மனசு கஷ்டப்படும் என்று கேட்டுக்கொண்டாள். சொல்லிவிட்டேன், எஸ்தர். தனியாக என்னால் அதை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.