முன்வரிசையில் கைதட்டியவர்

போர்க்காலத்தில் தம் பாடல்களுக்காகவே சிறையில் வதைபட்ட இசையமைப்பாளர் ஒருவர், புலம்பெயர்ந்து திரிம்பாக் என்ற ஐரோப்பியச் சிற்றூரில் வாழ்கிறார். அண்ணை என்றே அவரை அழைப்பேன். எழுதி வைத்தவை எல்லாம் எரிக்கப்பட்டுவிட்டதால், அவர் முணுமுணுக்கக் கேட்டு ஒவ்வொரு மெட்டையும் வயலினில் மீட்டெடுத்தேன். அவர் பெயர் மேடையில் ஒலிக்க வேண்டும் என்பதே என் நோக்கம்.

பேர்ண் நகரில் அவர் பாடல்களின் கச்சேரி. இயற்றியவரைச் சொல்லிவிட்டே பாடலைத் தொடங்குவது எங்கள் மேடை வழக்கம். அறிவிப்பாளனான என் நண்பனோ, "இயற்றியவர் பெயர் அறியப்படவில்லை" என்றான். வயலின் வில்லை உயர்த்திய நான் அவனை முறைத்துவிட்டு வாசிக்கத் தொடங்கினேன்.

இடைவேளையில் அவன் சட்டையைப் பிடித்தேன்.

"துரோகி! பேரை ஏனடா விட்டனி?"

"என்னிலை ஏன் பாயிறாய்? அண்ணைதான் விடச் சொன்னவர்."

முன்வரிசையில் இருந்த அண்ணையிடம் விரைந்து, உண்மையா என்று கேட்டேன்.

"ஓம் தம்பி. தங்கச்சி இன்னும் ஊரிலைதான். என்ரை பேர் வெளிவந்தா அவளைத்தான் விசாரிக்க வருவாங்கள்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, அண்ணை?"

"சொல்லியிருந்தா நீ வில்லைத் தொட்டிருப்பியோ?"

தொட்டிருக்க மாட்டேன். அதை அறிந்தே அவர் என்னை ஏமாற்றினார். அந்த வலி இன்னும் ஆறவில்லை. ஆயினும் கண்ணில் நிற்பது வேறு காட்சி: கடைசிப் பாடல் முடிந்ததும், பெயர் அறியப்படாத அந்த இசையமைப்பாளருக்காக அவரும் எல்லோரோடும் எழுந்து நின்று கைதட்டினார்.