கூடையைக் கவிழ்த்துக் காட்டியவர்

என் நாத்தனாரைத் துறைமுக வாசலில் எல்லோரும் 'அவசரம்' என்றுதான் சொல்வார்கள். "அவசரம் வந்தாச்சா?", "அவசரம் வண்டிய எங்க போட்டிருக்கு?" என்று காதுபடவே கேட்பார்கள். அவருக்குக் கோபம் வராது, அதற்கு நேரமிருக்காது. நின்றுகொண்டே சாப்பிடுவார், நடந்துகொண்டே தலை வாருவார். போனில் எதிராளி ஹலோ சொல்லி முடிப்பதற்குள் விஷயத்தைச் சொல்லி வைத்துவிடுவார். என் வீட்டுக்காரருக்கு அக்கா, எனக்கு அண்ணி. கல்யாணமாகி நான் அந்த வீட்டில் காலெடுத்து வைத்தபோது, "பேச்செல்லாம் அப்புறம், மொதல்ல இதப் பிடி" என்று ஈரத் துண்டுகள் நிறைந்த பையை வாசலிலேயே என் கையில் திணித்தவர். இவரோடு எப்படிக் காலம் தள்ளப்போகிறேன் என்று அன்றைக்கே மலைத்தேன். தள்ளிக்கொண்டுதான் இருக்கிறேன்.

எங்கள் பிழைப்பு கப்பலை நம்பியது. உல்லாசப் பயணிகளோடு வருகிற பெரிய கப்பல்கள் காலையில் வந்து நிற்கும், சாயங்காலம் கிளம்பிவிடும். நடுவில் கிடைக்கிற பொழுதில் பயணிகள் கடலில் இறங்கி, முகத்தில் மாஸ்க்கும் வாயில் குழாயுமாகக் குப்புற மிதந்து, அடியில் இருக்கிற பவளப்பாறையையும் மீனையும் பார்க்க ஆசைப்படுவார்கள். கப்பல் கம்பெனியே அதற்குக் கூட்டிப் போகும். கம்பெனி பஸ் துறைமுகத்துக்குள்ளேயே போய்க் கப்பலின் காலடியில் நிற்கும். அது வேண்டாம் என்று தனியாக ஏற்பாடு செய்துகொள்கிறவர்கள்தான் எங்கள் ஆட்கள். எங்கள் வேனை உள்ளே விட மாட்டார்கள். பயணிகள்தான் கப்பலை விட்டு இறங்கி, கம்பி வேலிக்கு நடுவே நீண்டு கிடக்கிற பாதையில் வெயிலில் நடந்து, கையைப் பிடித்து இழுக்கிற டாக்ஸிக்காரர்களைத் தாண்டி, தொப்பி விற்கிறவர்களைத் தாண்டி, வெளிவாசலுக்கு வர வேண்டும். அங்கே அண்ணி ஒரு அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

முதல் நாளே போனில் குரல் பதிவு அனுப்பிவிடுவார். "நீலக் கூரை போட்ட கழிப்பறை வரும், அதத் தாண்டி நேரா வாங்க. யார் கூப்பிட்டாலும் நிக்காதீங்க. உங்க வண்டி கேன்சலாயிடுச்சுன்னு சொல்லுவாங்க, நம்பாதீங்க. மஞ்சத் தொப்பி போட்டிருப்பேன்." அந்த மஞ்சள் தொப்பி நிறம் மங்கிச் சாம்பலான பிறகும் மஞ்சள் தொப்பி என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஆட்களும் எப்படியோ கண்டுபிடித்து வந்தார்கள்.

அவருடைய அவசரத்துக்குக் காரணம் உண்டு. கம்பெனி பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். எங்களோடு வந்தவர்கள் தாமதமானால் காத்திருக்காது, ஏணியை எடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். தொழில் தொடங்கிய புதிதில், வழியில் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்ததில், ஒரு குடும்பத்தை அண்ணி அப்படிக் கோட்டைவிட்டிருக்கிறார். கப்பல் நகர்வதைப் பார்த்து அந்தப் பெண்மணி வாசலிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். அதற்குப் பிறகு, கப்பல் கிளம்ப நிறைய நேரம் இருக்கும்போதே கோழிகளைக் கூண்டுக்கு விரட்டுவதுபோல எல்லோரையும் விரட்டிக்கொண்டு வந்துவிடுவார். சிலர் முணுமுணுப்பார்கள். ஆனால் அதன்பின் ஒருவரும் கப்பலை விட்டதில்லை. அவசரத்தின் வண்டியில் ஏறினால் கப்பல் நிச்சயம் என்று பேராகிவிட்டது.

படகு என் வீட்டுக்காரருடையது, ஓட்டுவதும் அவரே. சின்னப் படகு. கூட்டம் அதிகமானால் பாறைக்கும் கரைக்கும் இரண்டு நடை அடிப்பார். மாஸ்க்குகளைக் கழுவி, கண்ணாடி மங்காமல் இருக்க ஷாம்பு தடவி வைப்பது என் வேலை, அதை வீட்டுக் கொல்லையிலேயே முடித்துக் கொடுத்துவிடுவேன். ஆள் எண்ணுவதற்கு அவர்கள் இருவரும் ஒரு வழி வைத்திருந்தார்கள். படகில் ஏறும் முன் எல்லோரும் செருப்பைக் கழற்றிக் கரையில் ஒரு பெரிய பிரம்புக் கூடையில் போட வேண்டும். திரும்பி வந்தவர்கள் தங்கள் செருப்பை எடுத்துக்கொள்வார்கள். கூடை காலியானால் ஆட்கள் எல்லோரும் வந்தாயிற்று. அண்ணி காலிக் கூடையைத் தலைக்கு மேலே தூக்கிக் கவிழ்த்துக் காட்டுவார். அதைப் பார்த்த பிறகுதான் என் வீட்டுக்காரர் படகைத் திருப்பி முகத்துவாரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுவார். தலையை எண்ணினால் ஆட்கள் அங்குமிங்கும் நகர்ந்துகொண்டே இருப்பார்கள், செருப்பு நகராது என்று அண்ணி பெருமையாகச் சொல்வார். எனக்கும் அது கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது.

ஒரு தடவை, கப்பலில் ஒரு வாத்தியாரும் அவர் மனைவியும் வந்தார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பயணம் மகள் கொடுத்த பரிசு. நம் பேச்சு பேசுகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்று யாரோ சொல்லி, எங்கள் எண்ணை வாங்கியிருக்கிறார். ஊரிலிருந்தே எத்தனையோ தடவை போன் செய்தார். தண்ணீர் எவ்வளவு ஆழம், மிதக்கிற ஜாக்கெட் கிழியாமல் இருக்குமா, கண்ணாடி போடுகிறவனுக்கு மாஸ்க் பொருந்துமா என்று கேள்வி மேல் கேள்வி. பரீட்சைத் தாள் திருத்துகிற மனுஷன் என்று நாங்கள் சிரிப்போம். ஒவ்வொரு தடவையும் கடைசிக் கேள்வி மட்டும் ஒன்றுதான்.

"கப்பலுக்கு நேரத்துக்குக் கொண்டுவந்து விட்டுடுவீங்கல்லம்மா?"

"அதப் பத்தி நீங்க கவலையே படாதீங்க சார். அது என் பொறுப்பு" என்பார் அண்ணி.

அன்று கூட்டம் அதிகம். அண்ணியின் வேன் போதாமல் இன்னொரு வேனையும் வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். எல்லோரும் தண்ணீரில் இறங்கிய கொஞ்ச நேரத்தில் வாத்தியார் மனைவிக்குக் குமட்டியது. முதல் நடையிலேயே கரைக்கு வந்துவிட்டார். வாத்தியார் வரவில்லை, ஆமை பார்க்காமல் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். படகு பாறைக்குத் திரும்பிப் போனபோது காற்று மாறி மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் கலங்கி, அலை எழும்பி, ஆட்கள் விழுந்தடித்துக்கொண்டு ஏறினார்கள். என் வீட்டுக்காரர் மழைக்குள் இரண்டு மூன்று தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, தலை எதுவும் தெரியவில்லை என்று கரைக்கு வந்தார். கரையில்தான் கூடை இருக்கிறதே.

கரையில் அண்ணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. மழையில் பாதை சேறாகும், பாலத்தில் வண்டிகள் தேங்கும். படகிலிருந்து இறங்கியவர்கள் செருப்பை எடுத்துக்கொண்டு வேன்களுக்கு ஓடினார்கள். உடை மாற்றுகிற தடுப்பிலிருந்து வாத்தியார் மனைவி கடைசியாக வெளியே வந்தார். கூடையில் இரண்டே ஜோடிதான் கிடந்தன, அவருடையதும் அவர் கணவருடையதும். ஆண்கள் வெறுங்காலோடு போய் வண்டியில் உட்கார்ந்துகொள்வதும், பின்னால் வருகிற பெண்டாட்டி செருப்பைப் பொறுக்கிக்கொண்டு வருவதும் அந்தக் கரையில் நாள்தோறும் நடக்கிற கூத்து. அண்ணி கையை விட்டு இரண்டு ஜோடியையும் எடுத்து அந்த அம்மாவின் கையில் கொடுத்தார். சார் அந்த வேனில் இருப்பார், நீங்கள் இதில் ஏறுங்கள் என்று முதுகில் கை வைத்து ஏற்றிவிட்டார். அப்புறம் திரும்பிக் கூடையைத் தலைக்கு மேலே தூக்கிக் கவிழ்த்துக் காட்டினார்.

என் வீட்டுக்காரர் கையை ஆட்டிவிட்டுப் படகைத் திருப்பினார்.

துறைமுக வாசலுக்கு வழக்கம்போல முன்னதாகவே வந்து சேர்ந்தார்கள். வாத்தியார் மனைவி செருப்புகளோடு இறங்கி மற்ற வேனிடம் போய் நின்றார். அதிலிருந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசி ஆளும் இறங்கிய பிறகு அவர் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாராம். அந்த இடத்தை மட்டும் அண்ணி இன்றுவரை முழுதாகச் சொன்னதில்லை. போன் வந்ததும் என் வீட்டுக்காரர் மற்ற படகுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு மழையிலேயே போனார். ஒன்றும் கிடைக்கவில்லை. கப்பல் சொன்ன நேரத்துக்கு ஊதிவிட்டுக் கிளம்பிற்று. வாத்தியார் குடும்பத்தின் இரண்டு பெட்டிகளையும் கப்பல் ஆட்கள் வேலியோரம் இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் விடிந்ததும் மீன்பிடிக்கிறவர்கள் பாறைச் சந்தில் அவரைக் கண்டுபிடித்தார்கள். மாஸ்க் முகத்திலேயே இருந்தது. ஜாக்கெட் உடம்பில் இல்லை.

அந்த அம்மாவை அண்ணி எங்கள் வீட்டுக்கே அழைத்துவந்திருந்தார். வேறு எங்கே போவார்? மகள் வந்து சேர வேண்டும், ஆஸ்பத்திரியில் உடம்பைக் கொடுக்க வேண்டும். என்னுடைய உடையைக் கொடுத்தேன், அது அவருக்குத் தொளதொளவென்று இருந்தது. ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை, படுக்கவில்லை, கண்ணை மூடவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இரண்டு ஜோடிச் செருப்பையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். மணல் என் பாயெல்லாம் கொட்டிக் கிடந்தது. அந்த நேரத்திலும் பாயைத் தட்ட வேண்டுமே என்று நினைத்தேன் பாருங்கள், மனசு அப்படித்தான்.

உடம்பு கிடைத்த அன்று மத்தியானம் இன்ஸ்பெக்டர் வந்தார். கூடை விஷயம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வாத்தியாரின் செருப்பை எடுத்தது யார் என்றார். நான் அண்ணியைப் பார்த்தேன். யாரும் வாயைத் திறப்பதற்கு முன்னால் அந்த அம்மாவே பேசினார்.

"நான்தான் எடுத்தேன். என் புத்தியச் செருப்பால அடிக்கணும். அவர் செருப்ப அங்கேயே விட்டிருந்தா, இவங்க பார்த்திருப்பாங்க. இவங்க மேல தப்பு இல்ல."

இன்ஸ்பெக்டர் அதைக் கேட்டுக்கொண்டு, மறுநாள் ஸ்டேஷனுக்கு வந்து சொல்லும்படி சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் பின்கட்டுக்குப் போய் முகத்தைக் கழுவினார். அவர் தோள் இறங்கியதைப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் உயிர் வந்தது. அந்த அம்மா பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் நினைவு. மழை, குமட்டல், கையில் செருப்பு. தானே எடுத்ததாக மனசு முடிவுகட்டிவிட்டது. போகட்டும், போனவர் திரும்பப் போவதில்லை, படகாவது மிஞ்சட்டும் என்று நினைத்தேன்.

அண்ணி மட்டும் அறை வாசலிலேயே நின்றார். நின்ற இடத்தில் அசையாமல் நின்று அவரை நான் பார்த்ததே கிடையாது. உள்ளே அந்த அம்மா தலையை மெதுவாகச் சுவரில் இடித்துக்கொண்டு, எடுத்திருக்கக் கூடாது, எடுத்திருக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அண்ணியின் முகம் போகிற போக்கைப் பார்த்து நான் கண்ணைக் காட்டினேன். கையைப் பிடித்து இழுத்தேன். அவர் கையை உருவிக்கொண்டு போய் அந்த அம்மாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"நீங்க எடுக்கலம்மா. நான் எடுத்து உங்க கையில குடுத்தேன். சார் அந்த வண்டில இருக்காருன்னு சொன்னதும் நான்தான். பார்க்காமலே சொன்னேன்."

அந்த அம்மா நிமிர்ந்து அண்ணியின் முகத்தைப் பார்த்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"அப்போ நான் இல்லையா?" என்றார்.

"நீங்க இல்ல."

"நான் எடுக்கலையா?"

"இல்லம்மா."

ஒரு வார்த்தை திட்டவில்லை. அப்படியே பாயில் சரிந்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனார். கணவனைக் கடலில் விட்டவளின் வீட்டில், என்னுடைய தொளதொள உடையில், மகள் வந்து எழுப்புகிறவரை தூங்கினார். எழுந்ததும் மகளுடைய கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். அண்ணி பக்கம் திரும்பவில்லை. இரண்டு ஜோடிச் செருப்பையும் எடுத்துக்கொண்டார்.

அண்ணி நேராக ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததைச் சொன்னார். வேன் ஓட்டுகிற உரிமம் போயிற்று. படகைச் சீல் வைத்தார்கள். வழக்கு இரண்டு பேர் மேலும் விழுந்தது, அண்ணியோடு என் வீட்டுக்காரரும் உள்ளே இருந்துவிட்டு வந்தார். வந்த அன்று அக்காவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"அந்தம்மா தானாத்தானே சொன்னாங்க. நீ ஏன் வாயத் திறந்த?"

அவர் அக்காவோடு பேசியது அதுதான் கடைசி. நான் பொறுமைசாலி இல்லை, மாதக்கணக்கில் பாத்திரங்களை நங் நங்கென்று வைத்தேன், குத்திக்காட்டினேன், எங்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று சண்டை போட்டேன். இன்றும் எனக்கு அந்த ஆற்றாமை தீரவில்லை. ஆனால் அந்த அம்மா தலையை இடித்துக்கொண்டே தன் ஊருக்குப் போயிருந்தால் இந்த வீட்டில் என்னால் ஒரு வாய் சாப்பிட்டிருக்க முடியுமா என்றும் நினைத்துக்கொள்வேன்.

இப்போது அண்ணி துறைமுகத்துக்கு எதிரே ஒரு கேண்டீனில் தட்டுக் கழுவுகிறார். என் வீட்டுக்காரர் மரக்கடையில் சுமை தூக்குகிறார். ஒரே வீடுதான், அண்ணி பின்கட்டில் இருக்கிறார். அவசரம் என்று யாரும் கூப்பிடுவதில்லை, அவரிடம் அவசரமும் இல்லை. வேலை முடிந்து மெதுவாக நடந்து வருவார். வாசலில் தம்பியின் செருப்பு கிடந்தால் பின்கட்டுக்குப் போகாமல் முன்னறைக்கு வந்து எட்டிப் பார்ப்பார். உள்ளே அவர் உட்கார்ந்திருப்பார், அக்காவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அண்ணி அதைக் கண்டுகொள்ள மாட்டார். ஆள் இருக்கிறான் என்று பார்த்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விடுவார்.