ஒரு வீட்டில் இரண்டு உலை

ஜெல்லி மிட்டாய்ப் பாக்கெட் ஒன்றை மூக்கு நுனிவரை கொண்டுபோய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அதன் முதுகில் இருக்கும் பொடி எழுத்துகளை அத்தா படித்துக்கொண்டிருப்பார். மரக்காணம் கடைத்தெருவில் சாயங்காலக் கூட்டம். எங்களுக்குப் பின்னால் நிற்பவர்கள் நெளிவார்கள். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, "பாய், பரீட்ச எதனா எழுதப் போறீங்களா?" என்பார். அத்தா அதற்கெல்லாம் அசரமாட்டார். ஜெலட்டின் என்று போட்டிருக்கிறது, எந்தப் பிராணியிலிருந்து எடுத்தது என்று போடவில்லை. "வேணாம்மா" என்று பாக்கெட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவார். எனக்கு மானம் போகும். மிட்டாய் போனதைவிட, கூடப் படிக்கிறவள் எவளாவது பார்த்திருப்பாளோ என்பதுதான் பெரிய கவலை. பிஸ்கெட், ஐஸ்கிரீம், சோப்பு, பற்பசை எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பி எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. ஹலாலா இல்லையா என்று சந்தேகம் வந்தால் தெருக்காரர்கள் பாக்கெட்டோடு எங்கள் வாசலுக்கு வருவார்கள். ஊரில் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது.

பாக்கெட்டோடு நின்றுவிட்ட கொள்கையும் இல்லை அது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது அத்தா துபாயில் ஒரு ஹோட்டல் ஸ்டோரில் இருந்தார். மது பாட்டில்களை அடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள் என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பியவர். அதன்பிறகு எங்கள் வீடு பட்ட பாட்டை அம்மா இன்றுவரை மறக்கவில்லை. "உங்க அத்தாவுக்கு சொர்க்கத்துல சீட் ரிசர்வ் ஆயிடுச்சி. நமக்குத்தான் இங்க அடுப்பு எரியல" என்று பாத்திரம் விளக்கிக்கொண்டே சொல்வாள். அத்தா சிரிப்பார். சிரிக்க முடிந்த காலம் அது.

பிறகு அனுமந்தைப் பக்கம் கடலோரத்தில், இறால் குஞ்சு பொரிக்கும் பண்ணை ஒன்றில் அவருக்கு மேனேஜர் வேலை கிடைத்தது. கடல் தண்ணீரைத் தொட்டிகளில் ஏற்றி, மருந்து போட்டுக் குஞ்சுகளை வளர்த்து விற்பார்கள். தொட்டி கழுவிய தண்ணீரில் ப்ளீச்சிங் பவுடரும் மருந்தும் இருக்கும். அதைக் குழியில் தேக்கி, காரம் அடங்கிய பிறகுதான் வெளியே விட வேண்டும். குழி நிரம்பிவிட்டால் முதலாளி, "தொறந்து விடச் சொல்லுங்க பாய், ஒண்ணும் ஆவாது" என்பார். அத்தா சொல்வார், ஆட்கள் திறந்து விடுவார்கள். அந்தத் தண்ணீர் ஓடை வழியாக உப்பங்கழிக்குப் போகும். உப்பளத்துக்குத் தண்ணீர் எடுப்பதும் அங்கிருந்துதான். மழை மாதங்களில் உப்பு வேலை நின்றுபோன பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, கையால் தடவி இறால் பிடிப்பதும் அங்கேதான்.

நான் புதுச்சேரியில் நர்சிங் சேர்ந்திருந்த வருஷம். ஒருநாள் உப்பங்கழி ஓரமெல்லாம் மீன் செத்து ஒதுங்கியது. லீவுக்கு வந்திருந்த நான் அத்தாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனபோது பண்ணை கேட்டில் ஜனங்கள் கூடியிருந்தார்கள். முதலாளி வெளியே வரவில்லை, அத்தாவை அனுப்பினார். அத்தா கேட்டுக்கு உள்பக்கம் நின்று, யார் முகத்தையும் பார்க்காமல், "நம்ம தண்ணி இல்லப்பா. வெயில் தாங்காம செத்திருக்கும்" என்றார். கூட்டம் தயங்கியது. எங்கள் தெருக்கோடியில் இருந்த உப்பளத்து அக்கா முன்னால் நின்றிருந்தாள். திரும்பி மற்றவர்களிடம் சொன்னாள்: "ஒரு பிஸ்கெட்டகூட படிச்சிப் பாக்காம வாங்காத மனுசன். அவரா பொய் சொல்லப் போறாரு? வாங்க போலாம்." போய்விட்டார்கள். அத்தா அப்படியே கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று நான் கொண்டுபோன சோற்றைத் திரும்ப வீட்டுக்கே எடுத்து வந்தேன்.

வேலையை விடுவதாக அத்தா சொன்னதும் அம்மா கத்தவில்லை, கையெடுத்துக் கும்பிட்டாள். "இன்னொரு தடவ அந்தக் கஷ்டத்த என்னால பாக்க முடியாதுங்க. பொண்ணு படிப்ப முடிக்கட்டும்." அதுவே முடிவாகிவிட்டது. என் படிப்புக்காக அவர் தினமும் அந்தக் கேட்டுக்குள் போய் வந்தார். குழி நிரம்பும்போதெல்லாம் தண்ணீரும் போனது. கடையில் சோப்பை வேண்டாம் என்று வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கலாம். எங்கள் கடற்கரையில் வேலையை அப்படி மாற்றி எடுக்க முடியாது. இந்தச் சாதாரண விஷயம் அவ்வளவு படித்துப் பார்த்து வாங்கும் மனிதருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

தெரிந்துதான் இருந்தது. அதனாலேயே வேறொரு வழி கண்டுபிடித்தார். சாயங்காலம் மஃரிப் தொழுகைக்குப் பிறகு தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்க ஆரம்பித்தார். அதில் வந்த சொற்பத்தில் தனியாக அரிசி, பருப்பு வாங்கினார். சின்ன அலுமினியப் பாத்திரத்தில் தானே உலை வைத்துத் தானே வடித்துச் சாப்பிட்டார். பண்ணைச் சம்பளம் அப்படியே அம்மா கையில் போய்விடும், அதிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். முதலில் வயிற்றுக் கோளாறு என்று அம்மாவிடம் சொல்லிச் சமாளித்தார். அம்மாவுக்கு விஷயம் புரிந்த அன்று, கொதித்துக்கொண்டிருந்த அவருடைய உலையை அப்படியே தூக்கிக் கொல்லையில் கவிழ்த்தாள். "அப்ப நானும் எம்பொண்ணும் தின்றது என்ன ஹராமா? உங்களுக்கு மட்டும் சுத்தமான சோறு. எங்களுக்கு?" என்று கேட்டாள். அத்தா கொல்லையில் சிதறிக் கிடந்த அரைவேக்காட்டு அரிசியை ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்க ஆரம்பித்தார். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய் விளக்கம் கேட்டாராம். உழைத்த கூலிதானே, கவலை வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாராம் அவர். பாதியை மறைத்துக் கேட்டால் முழுப் பதில் எங்கிருந்து வரும்? மறுநாளும் எங்கள் வீட்டில் இரண்டு உலை கொதித்தது. அந்த வீட்டுக்கு லீவில் வரும்போது சில சமயம் அவர்மேல் பரிதாபம் வரும். பல சமயம் ஆத்திரம்தான் வரும்.

எனக்கு வேலை கிடைத்த வாரமே அத்தா பண்ணையை விட்டு நின்றார். முதல் காரியமாக உப்பளத்து அக்கா வீட்டுக்குப் போனார், உண்மையைச் சொல்லிவிட. போன வேகத்தில் திரும்பி வந்தார். "அத விடுங்க பாய், டீ போடட்டுமாங்குறா. நம்பவே மாட்டேங்குறாம்மா" என்று என்னிடம் சொன்னார். மன்னிப்புக் கேட்கக்கூட வழியில்லாமல் போய்விட்டதே என்று அன்று குலுங்கி அழுதார். அத்தா அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

இப்போது பெரிய முதலியார்சாவடியில் என்னோடுதான் இருவரும் இருக்கிறார்கள். நான் எந்தப் பாக்கெட்டையும் படிப்பதில்லை. டூட்டி முடிந்து வருகிற வழியில் கைக்குக் கிடைத்ததை வாங்கிப் போட்டுக்கொண்டு வருகிறேன். அத்தாவும் இப்போது அதையெல்லாம் கேட்பதில்லை. கேட்பது ஒன்றே ஒன்றுதான். தட்டில் சோறு விழுந்ததும் என் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "இது உன் சம்பளம்தானேம்மா?" என்பார். ஆமாம் என்று நான் சொன்ன பிறகே கை வைப்பார். அந்த நர்ஸ் வேலை எந்தச் சம்பளத்தில் படித்து வந்தது என்று அவர் யோசிப்பதில்லையா, யோசிக்கப் பயமா என்று எனக்குத் தெரியாது.

போன மாதம் உப்பளத்து அக்கா எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். விரலெல்லாம் வெடித்துச் சீழ் கோத்திருந்தது. துடைத்து மருந்து போடும்போது என்னால் அடக்க முடியவில்லை. "அக்கா, அன்னிக்கு பண்ண கேட்டாண்ட அத்தா சொன்னது பொய்" என்றேன்.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "தெரியும் பாப்பா" என்றாள். "எம் பையன் அங்கதான தொட்டி கழுவிக்கினு இருந்தான். தொறந்து விட்டதே அவன்தான். பண்ணைய மூடிட்டா அவன் எங்க போவான்? பாய் சொன்னா ஊரே நம்பும்னு எனக்குத் தெரியும். அத வச்சி எல்லாரையும் இட்டுக்கினு போயிட்டேன். அப்பறம் ஒருநாள் வூட்டுக்கே வந்து சொல்ல ஆரம்பிச்சாரு. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சி. அவரு சொல்லிட்டா நானும் சொல்லணும்ல?"

அன்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதை அத்தாவிடம் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை, அவளுக்கு எல்லாம் தெரியும் என்று சொன்னால் அந்த மனிதருக்கு ஒரு பாரம் இறங்கும். ஆனால் அவள் பிள்ளைக்காக மறைத்தாள், அவர் எனக்காக மறைத்தார் என்பதோடு கணக்கு நிற்காது. அடுத்து என் சம்பளத்துக்குத்தான் வரும். அதுவும் போய்விட்டால் அவர் எதைச் சாப்பிடுவார்?

வீட்டுக்கு வந்ததும் அம்மா மூன்று பேருக்கும் சோறு போட்டாள். அத்தா என்னை நிமிர்ந்து பார்த்தார். "இது உன் சம்பளம்தானேம்மா?"

"ஆமாத்தா" என்றேன்.

அவர் பிஸ்மி சொல்லிச் சாப்பிட ஆரம்பித்தார். எனக்குக் கை போகவில்லை. அம்மா என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, அத்தா காதில் விழாதபடி கேட்டாள்: "நீயுமாடி?"