உதவித்தொகை வருமானமான கதை

கடியப்பட்டணம் பிரகாசி கிராம சுகாதாரச் செவிலியர். மருந்துக் குப்பியின் காலாவதித் தேதியை இரண்டு முறை பார்க்காமல் ஊசியைக் கையில் எடுக்க மாட்டாள். அப்படிப்பட்டவள் ஏமாந்தது தன் நேர்மையால்தான்.

ஜூலை மாதம் குழித்துறையில் ஜெப்சனிடம் வருமான வரி ரிட்டர்ன் போடப் போனாள். ஜெப்சன் ஆடிட்டர் இல்லை. ஊர் அப்படிக் கூப்பிடும். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு முட்டுப்போட்டவள் மாதிரி பிரகாசி ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள்: சம்பளம், வீட்டுக்கடன் வட்டி, மகள் ஜெனிலாவின் கல்லூரிக் கட்டண ரசீது. கடைசியில், ஒரு அறக்கட்டளை ஜெனிலாவின் விடுதிச் செலவுக்கென்று பிரகாசியின் வங்கிக் கணக்கில் போட்ட அறுபதாயிரம் ரூபாய். யாரும் கேட்காததை அவளாகவே சொன்னாள். ஜெப்சன் அதை 'இதர வருமானம்' என்று தட்டிவிட்டான். வரி பன்னிரண்டாயிரத்து நானூற்று எண்பது ரூபாய் கூடிற்று. முணுமுணுக்காமல் கட்டினாள்.

நவம்பரில் அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்தது. புதுப்பிக்கக் கொடுத்த ரிட்டர்ன் நகலில் மொத்த வருமானம் ஆறு லட்சத்தைத் தாண்டிவிட்டதால் அடுத்த ஆண்டு உதவித்தொகை கிடையாது. மறுப்பு இருந்தால் பத்து நாளுக்குள் சொல்லவும்.

தாண்டவைத்ததே அந்த உதவித்தொகைதான். கொடுத்த பணத்தையே காரணம் காட்டி, கொடுப்பதை நிறுத்துகிற அநியாயம் இது. ஜெனிலாவுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி.

கணவன் சகாயம் முதுகெலும்பு விலகிய பிறகு கடலுக்குப் போவதில்லை. "ஏட்டி, சாமியார்ட்ட கூட நீ இவ்வளவு உண்மை சொன்னது கெடையாது. ஒரு மெழுகுதிரி நேந்துக்க," என்றான்.

"மெழுகுதிரிக்கு என்ன தெரியும், எந்தக் கட்டத்துல என்ன போடணும்னு?"

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மகள் போனில் அனுப்பிய வரிப் படிவத்தை முதல் பக்கத்திலிருந்து வாசித்தாள். கட்டணத்தில் கற்பிப்புக்கு உள்ள பகுதிக்கு மட்டும் கழிவாம். விடுதிக்கு இல்லை, பேருந்துக்கு இல்லை. கடற்கரைப் பிள்ளைகள் வகுப்பறைக்குப் பறந்துதான் போக வேண்டும் போல. எரிச்சலோடு தள்ளிக்கொண்டே போனவளின் விரல் ஓரிடத்தில் நின்றது. வரி இல்லாத வருமானங்களின் பட்டியல். பத்தாம் பிரிவு, பதினாறாம் உட்பிரிவு: கல்விச் செலவுக்காகத் தரப்படும் உதவித்தொகை. படிவத்திலேயே இருந்திருக்கிறது.

மறுநாள் காலை ஜெப்சனின் மேசையில் போனை வைத்தாள்.

"இதப் பாத்தியா மக்கா?"

ஜெப்சன் பார்த்தான். கழுத்தைத் தடவினான். "நம்ம ஊர்ல ஸ்காலர்ஷிப் வாங்குறவங்க ரிட்டர்ன் போடுறதே அபூர்வம் சிஸ்டர். பேங்க்ல வந்தா வருமானம்னு நெனச்சிட்டேன்."

"பேங்க்ல வந்ததெல்லாம் வருமானம்னா, ஆஸ்பத்திரிக்கு வந்தவளெல்லாம் கர்ப்பிணியா?"

பக்கத்து நாற்காலியில் காத்திருந்த பெரியவர் இருமுவதுபோல் சிரிப்பை மறைத்தார்.

டிசம்பர் முடியும்வரை ரிட்டர்னைத் திருத்தலாம். ஜெப்சன் அறுபதாயிரத்தைத் தூக்கி, வரி இல்லாத வரிசையில் வைத்தான். பிரகாசியின் போனுக்கு ஓடிபி வந்தது. ஆறு எண்களையும் அழுத்தமாகச் சொன்னாள். திரையில் மொத்த வருமானம் ஐந்து லட்சத்து அறுபத்திரண்டாயிரம் என்று வந்தது. கட்டிய பணமும் திரும்பி வரும். ஒப்புகைச் சீட்டை அங்கிருந்தே அறக்கட்டளைக்கு அனுப்பினார்கள். அரைமணி நேரத்தில் பதில்: உதவித்தொகை தொடரும்.

அவள் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். கடிதம் வந்த நாளிலிருந்து நெஞ்சில் கிடந்த கல் அப்போதுதான் இறங்கிற்று. ஜெனிலாவை போனில் விளித்து, "படிச்சிட்டு இரு மோளே, எல்லாம் சரியாச்சி," என்று மட்டும் சொன்னாள்.

ஜெப்சன் நிம்மதியாகச் சிரித்து, டீ சொல்லவா என்று கேட்டான்.

"சொல்லு. இப்படி உதவித்தொகைய வருமானத்துல வேற எத்தன பேருக்குச் சேத்த?"

அவன் சிரிப்பு நின்றது. "மூணு பேர் இருக்கும் சிஸ்டர்."

"அவங்கள விளி. நான் இங்கதான் இருக்கேன்."